எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்

கடிதம் வந்தால் நாமெல்லாம் முதலில் மூலையைத்தான் பார்ப்போம். என் வயதில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். மூலைக்கு மூலை மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து. ஒரு மூலை கிழிந்து அந்த இடத்தில் கறுப்பு மை பட்டிருந்தால் சாவு. சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். வேலிக்கு வெளியே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுவோம். இப்போது சாவும் போனில்தான் வருகிறது. போனை யாரும் கிழித்துப் போடுவதில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்கே போய்விடுகிறோம்.

சீனாச் சண்டை நடந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் மூலை போன கடிதம் ஒன்று வந்தது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. மலையில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. ஒரே ஊரில் நிலையாக இருந்தவளும் இல்லை. குடகில் காப்பிப் பழம் பறித்தேன், பெங்களூரில் கட்டடத்துக்கு மண் சுமந்தேன், யாத்திரை பஸ்களில் சமையலுக்குப் போய் வடக்கே பாதி தேசத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கே போனாலும் யாராவது கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டி, படித்துச் சொல்லச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் அந்த வருஷத்தில்தான் தொடங்கியது.

நாங்கள் இருந்தது ஏற்காட்டுப் பக்கம் நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறிய அப்பா, ஈரத்தில் வழுக்கி விழுந்து அன்று சாயங்காலமே செத்துப்போனார். மறுநாள் அந்த மரத்தில் வேறொருவர் ஏறினார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு எது நல்லது எது கெட்டது என்று சொல்வது பெரியப்பாவின் வேலை ஆயிற்று. அவர் எஸ்டேட்டில் மேஸ்திரி. ஆள் விரட்டிப் பழகியவர். வீட்டிலும் அதே குரல்தான்.

அண்ணன் பூட்ஸுக்காகப் பட்டாளத்துக்குப் போனவன். கேட்பவர்களிடம் தேசத்துக்காக என்றுதான் அம்மா சொல்வாள். ஆனால் சேலத்தில் ஆள் எடுத்தபோது கூடப் போனவன் சொன்னான், நெஞ்சு அளக்கும்போது அண்ணன் கண்ணெல்லாம் வரிசையாக வைத்திருந்த பூட்ஸ் மேலேயே இருந்தது என்று. மழைக்காலத்தில் அட்டை கடித்து எங்கள் கால்களெல்லாம் ரத்தமாக இருக்கும். பூட்ஸ் போட்டு நாங்கள் பார்த்தது எஸ்டேட் துரை ஒருவரைத்தான்.

முதல் லீவில் வந்தபோது அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பெண் மாரமங்கலத்துக்காரி. மிளகுக் கொடிக்கு ஏணி போட்டு ஏறிப் பறிக்கிற வீட்டுப் பெண். கையும் காலும் நீளம். அண்ணி வந்த வாரமே நான் அவளோடு ஒட்டிக்கொண்டேன். அண்ணன் லீவு முடிந்து போனபோது அண்ணியோடு அவன் சேர்ந்து இருந்ததெல்லாம் ஒரு நிலாக் காலத்துக்கும் குறைவு.

அவன் கடிதங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வரும். ஏற்காட்டுக்கு நடந்து போய் பை எடுத்து வரும் தபால் ஆள் ஒருவர் உண்டு. ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் பிரித்துக் கொடுப்பதை லைனில் வீடு வீடாகக் கொடுப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மடிப்பையும் நிறத்தையும் பார்த்தே எந்த வீட்டுக்கு என்று கண்டுபிடித்துவிடுவார். அம்மாவுக்கும் அண்ணிக்கும் எழுத்துத் தெரியாது. பழம் பறித்துவிட்டு அவர்கள் வந்து, கையில் ஒட்டிய பிசினைச் சாம்பல் போட்டுக் கழுவி முடிக்கும்வரை நான் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எல்லாக் கடிதமும் அம்மா பேருக்குத்தான். நம்மில் எந்த ஆம்பிளை பெண்டாட்டி பேருக்குக் கடிதம் போட்டான்? அம்மாவின் இருமல், பசு சினையா இல்லையா, நான் பள்ளிக்கூடம் போகிறேனா, பெரியப்பா சொல்படி நடக்க வேண்டும் என்று வரிசையாக வரும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரியது, பஞ்சு வைத்துப் போடுகிறேன் என்று ஒரு முறை எழுதினான். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தந்தார்கள் என்று இன்னொரு முறை. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். ‘வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.’

அம்மா தூங்கப் போன பிறகு அண்ணி என்னை அடுப்புப் பக்கம் கூப்பிட்டு அந்த வரியை மறுபடி படிக்கச் சொல்வாள்.

“எல்லாரும்னா நானும் சேத்தித்தானே கண்ணு?”

“நீங்களுந்தான்.”

“பசுவும் சேத்தியா?”

“பசுவைத்தான் மேலயே தனியாக் கேட்டுட்டாரே.”

“அதையாவது தனியாக் கேட்டாங்களே,” என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள், அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று.

கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, எலி தொடாதபடி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். துரை வீட்டில் தூக்கிப் போட்ட டப்பா. மூடியில் குதிரை வண்டிப் படம். உள்ளே மூக்கை விட்டால் வெண்ணெய் வாசம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

பழம் சிவக்கத் தொடங்கிய மாதம் சண்டை வந்தது. நாகலூர்க் கடையில் ரேடியோ இருந்தது. சாயங்காலம் ஆம்பிளைகள் அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்து, மலையில் நம் ஆட்கள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடக்கிறார்கள் என்பார்கள். ரேடியோ சொன்னது எவ்வளவு, வழியில் இவர்கள் சேர்த்தது எவ்வளவு என்று தெரியாது. பனியிலேயே ஆட்கள் விறைத்துப் போகிறார்கள் என்றார்கள். நம்ம ஊர்க் குளிரில் வளர்ந்தவனுக்கு என்ன என்று அம்மா சொன்னாள். குளிர் என்றால் மார்கழியில் ஏற்காட்டில் அடிப்பதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கடிதம் நின்றுபோனது. பழம் பறிக்கிற காலத்தில் அழக்கூட நேரம் இருக்காது. இருட்டோடு எழுந்து, சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த செடிக்குள் புகுந்தால் பொழுது சாயத்தான் வெளியே வருவோம். தோல் உரிக்கிற கொட்டகைப் பக்கம் பழத்தோல் அழுகிப் புளித்த நாற்றம் லைன் வரைக்கும் வரும். அந்த மாதங்களில் சோறும் அதே வாசம்தான் அடிக்கும். அண்ணி மட்டும் தினம் மத்தியானம், தனக்குப் பறிக்கக் கொடுத்த செடி நிரையை விட்டு ரோட்டுப் பக்கம் வந்து தபால் ஆள் வருகிறாரா என்று பார்த்துவிட்டுப் போவாள். பெரியப்பா அதற்காக அவளைத் திட்டுவார்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் தபால் ஆள் வந்தார். வழக்கமாக வாசல்வரை வந்து, வெற்றிலை கேட்டு, ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் போவார். அன்று வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். கடிதத்தைக் கையில் தரவில்லை. உண்ணிச்செடி வேலியில் செருகிவிட்டு, “மேஸ்திரியக் கூட்டிட்டு வா சாமி,” என்றார் என்னிடம்.

நான் வேலியருகே போய்ப் பார்த்தேன். கடிதத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையே இல்லை, பிளேடால் வெட்டியது போல் நேராகப் போயிருந்தது. வெட்டிய ஓரத்தில் கறுப்பு மை. மேலே ஏதோ இங்கிலீஷ் முத்திரை. ஆனால் அம்மா பேர் எழுதியிருந்தது அண்ணன் கையெழுத்தில். ‘ள’வுக்கு அவன் போடும் சுழி எனக்குத் தெரியும்.

அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். லைன் ஜனமும் கூடிவிட்டது. தபால் ஆள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நானும் எத்தனையோ கொண்டாந்திருக்கறனுங்க. கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க,” என்றார்.

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். நான் பெரியப்பாவிடம், இது அண்ணன் எழுத்து, கொடுங்கள் படிக்கிறேன் என்றேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. சாவுக் கடிதத்தைச் சின்னப் பிள்ளை தொடுவதா என்றார். கூட்டத்தில் ஒருவர், செத்தவன் எப்படித் தன் கையால் எழுதுவான் என்று கேட்டார். நல்ல கேள்வி. பெரியப்பாவிடம் அதற்கும் பதில் இருந்தது. பட்டாளத்தில் சண்டைக்கு அனுப்பும் முன்பே மேல்விலாசம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வார்களாம், பிறகு அனுப்ப வசதியாக. அவர் அத்தனை நிச்சயமாகச் சொன்னதில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அதுவரை அவள் பெரியப்பா எதிரில் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

“ஏனுங்க மாமா, அவுங்க எழுத்துன்னு புள்ள சொல்லுதுங்க. படிச்சுட்டுக் கிழிங்க.”

“மூலை போயிருக்குது, மை அடிச்சிருக்குது. இதுக்கு மேல படிக்க என்ன இருக்குது?”

“ரைட்டருகிட்டயாவது காட்டுங்க. காட்டிட்டுக் கிழிங்க.”

“எழவுக் காயிதத்த எடுத்துட்டு ஆபீஸ் படியேறச் சொல்றயா? வந்து ஒரு வருசம் முடியல. வந்தவ காலு அப்பிடி.”

அவர் அதை நாலாக, எட்டாகக் கிழித்து ஓடையில் போட்டார். அம்மா அழத் தொடங்கினாள். அண்ணி அழவில்லை. ஓடையோரமாகவே கீழே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்று அவள் பிடித்தது மூன்று துண்டு. இரண்டில் மை கரைந்துபோயிருந்தது. ஒன்றில் ‘எல்லோரையும்’ என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அதை மட்டும் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

என்ன நடந்தது என்பது எனக்குத் தெரிந்தது வெகு காலம் கழித்து. யாத்திரை பஸ்ஸில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் வந்தார். சண்டைக் காலத்தில் ஆபீசர்கள் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எழுதியிருந்தால் மை அடிப்பார்கள், இல்லை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது, முதலில் மூலையில் ஊர் பேரை எழுது என்றுதான் சொன்னார்கள். அண்ணனும் அதே பள்ளிக்கூடம்தான். அவன் சொல்லிக்கொடுத்தபடி எழுதினான், ஆபீசர் வெட்டினார், பெரியப்பா கிழித்தார். மூன்று பேருமே வழக்கப்படிதான் செய்தார்கள்.

உடம்பு இல்லாததால் அண்ணனின் பழைய சட்டையை மண்பானையில் வைத்து ஓடைக்கரையில் புதைத்தார்கள். செத்தவன் எழுத்து வீட்டில் இருக்கக் கூடாது என்று டப்பாவில் இருந்த கடிதங்களை எல்லாம் அம்மா எரித்தாள். டப்பாவையும் கரியாக்கினாள். கருமாதி அன்று அண்ணி கையைக் கல்லில் வைத்து வளையலை உடைத்தார்கள். ஒரு கண்ணாடித் துண்டு மணிக்கட்டில் ஏறிவிட்டது. பிறகு பார்க்கலாம் என்றார்கள், தாலியைக் கழற்றிப் பாலில் போடுகிற அவசரத்தில். அண்ணியின் அப்பா மாரமங்கலத்திலிருந்து வெள்ளைச் சேலை வாங்கி வந்து போர்த்தினார். கட்டிக்கொடுக்க இன்னும் பெண்கள் இருக்கும் வீடு அது. “இங்கயே ஒரு மூலைல கெடக்கட்டுமுங்க,” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, சோறு தின்றுவிட்டுப் பஸ் ஏறினார்.

மறுநாளே பழம் பறிக்க வேண்டும். வெள்ளைச் சேலையில் பழச்சாறு பட்டால் போகாது. ஒரு வாரத்தில் அண்ணி சேலை முன்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. காலையில் ஆள் எண்ணும்போது அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று அவளைக் கடைசியில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் நல்ல பழமாகப் பறித்து முடித்த கடைசி நிரைதான் அவளுக்கு. கல்யாணம் ஆகிற வயதுப் பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னக் கூடாது. நான் உட்காரலாம். எனக்குச் சின்ன வயது.

“உங்கண்ணன் சாகல கண்ணு,” என்று அப்போது ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. சோற்றை அள்ளிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பது போல் சொன்னாள்.

பொங்கல் கழிந்து கடிதம் வந்தது. நான்கு மூலையும் முழுசாக இருந்தது. தபால் ஆளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் எழுதியிருந்தான். பனியில் கால் மரத்துப்போய், விரல்களை எடுத்துவிட்டார்களாம். பூட்ஸ் தண்ணீர் குடித்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதியிருந்தான். அதற்கு அடுத்தது: ‘கொஞ்ச நாள் கடிதம் வராது, நானே எழுதும்வரை யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதனால் நீங்கள் பயப்படாமல் இருந்திருப்பீர்கள்.’

நான் சத்தமாகப் படித்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகு ஓடைக்கரைக்கு ஓடி, கையாலேயே மண்ணைத் தோண்டிப் பானையை உடைத்து அண்ணன் சட்டையை எடுத்தாள். பூஞ்சை பிடித்திருந்தது. சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். சட்டையை மீட்டாயிற்று. அண்ணியை மீட்க யாருக்கும் வழி தெரியவில்லை.

அண்ணி அன்று சாயங்காலமே குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மா கத்திக்கொண்டு ஓடி அதை அழித்துவிட்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலி இறங்கியவள், கோடிச் சேலை வாங்கியவள் வைக்கும் குங்குமம் அவனையே எடுத்துவிடும் என்று பயம். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மறுபடி தாலி கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். பால் குடித்த தாலி ஆள் குடிக்காமல் விடாது என்று இன்னொருவர் சொன்னார். யார் கிழித்தது என்ற பேச்சு வரவில்லை. கடைசியில் பெரியப்பா எழுந்து, “பையன் பொளச்சதே பெருசு. அவனுக்கு வேற ஊட்டுப் புள்ளையப் பாக்கலாம். இவ வேணும்னா மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் இருந்துக்கட்டும்,” என்றார்.

பதில் கடிதத்தை என்னை எழுத விடவில்லை. அண்ணியைப் பற்றி என்ன எழுதட்டும் என்று நான் கேட்டேன், அதனால். பெரியப்பா ரைட்டரிடம் போய் எல்லாவற்றையும் எழுதச் செய்தார்.

அதற்கு வந்த பதிலை நான்தான் படித்தேன். அம்மா வாசலில் இருந்தாள். அண்ணி மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டிஸ்சார்ஜ் ஆகிறேன், இன்ன வாரத்தில் வருவேன், பெரியவர்கள் முடிவு எதுவோ அதுவே என் முடிவு என்று இருந்தது. கடைசி வரி: ‘அம்மாவையும், பெரியப்பாவையும், தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்லவும்.’

“அவ்வளவுதானா கண்ணு?” என்றாள் அண்ணி.

“அவ்வளவுதாங்க அண்ணி.”

“எல்லாரும்னு இல்லையா?”

“இல்லீங்க.”

மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். “ரைட்டரு என்ன எழுதுனாரோ, பயந்திருப்பாங்க. நேர்ல பாத்தாச் சரியாப்போயிரும்,” என்றாள்.

அண்ணன் பிறகு பெரியப்பா காட்டிய பெண்ணைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் பிறந்தார்கள். எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேனாக இருந்து வயதாகிச் செத்தான். கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. அவன் வந்த நாளைத்தான் மறக்க முடியவில்லை.

அம்மா ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி தூக்கி வர என்னை நாகலூர் பஸ்ஸுக்கு அனுப்பினாள். வழியில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அண்ணி நின்றிருந்தாள். கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். முகத்தில் மஞ்சள். கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கை சில்லென்று இருந்தது.

பஸ் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு அண்ணன் தடியை ஊன்றி இறங்கினான். காலில் பூட்ஸ் இல்லை, துணி ஷூ. முன்பக்கம் சப்பென்று மடங்கியிருந்தது. முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் அண்ணியைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். அத்தனை பனியில் கிடந்து வந்தவன் ஓர் அடி பின்னால் வைத்து பஸ் தகரத்தில் இடித்துக்கொண்டான்.

“வந்துட்டீங்களா,” என்றாள் அண்ணி.

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், கோபமே இல்லாமல்.

“எதுக்க நிக்காதே. நான் முன்னால போயிர்றேன். நீ தள்ளிப் பின்னால வா.”

அண்ணி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அண்ணன் கடந்து போனான். நான் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். கால் சரியில்லாததால் அவனால் வேகமாகப் போக முடியவில்லை. முதல் வளைவில், திரும்பாமலேயே கேட்டான்.

“வர்றாளா?”

பெட்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் யாரும் இல்லை. பஸ் திரும்பி ஏற்காட்டுப் பக்கம் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

“வர்றாங்க,” என்றேன்.

தோல் உரிக்கும் கொட்டகை தாண்டியதும் மறுபடி கேட்டான். “தள்ளித்தானே வர்றா?”

“ஆமாங்கண்ணா. தள்ளித்தான் வர்றாங்க.”

லைன் வந்தது. வாசலில் அம்மா தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். பின்னால் பெரியப்பா. ஆரத்தி சுற்றி முடிக்கும்வரை அண்ணன் கழுத்தை அசைக்காமல் நின்றான். அம்மா நெற்றியில் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் கொட்டிய பிறகுதான் திரும்பினான். முதலில் ரோட்டைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.